குடைக்காரன் மொட்டையடிக்கும் நேரம்

குடையை விரித்துவிட்டான் பாவி. இனி இரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடிக்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் நிற்காது, தாண்டிப் போகவும் விடாது. டிவி முழுக்க வானம் சுழன்று, ஏழு சூரியன்களும் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் ஒரு மணி அடித்து, அதற்குப் பிறகுதான் விளையாட்டு திரும்பக் கைக்கு வரும். ரத்னபிரபா கன்ட்ரோலரைத் தன் வயிற்றின் மேலேயே வைத்தாள். ஒன்பது மாதத்து வயிறு, நல்ல மேசை. சோபாவுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மௌலி தப்புச் செய்த முகத்தோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மறுபடியும் ஊத்திட்டீங்களா மாமா?" என்றாள். "உன்ற ஆளுக்கு உயிரு பாதிக்கும் கீழ போயிருச்சு அம்மிணி. பாத்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?" "மொட்டைக்கு முன்னாடி மருந்து ஊத்தாதீங்க, ஊத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? நூறு இருந்தாலும் ஒண்ணாக்குவான், ஆயிரம் இருந்தாலும் ஒண்ணாக்குவான். இருந்ததே அந்த ஒரு புட்டி." "அதா கடைசி?" என்று கேட்டுத் தலையைச் சொறிந்தான். எண்பது மீட்டர் உயரக் காற்றாலையின் உச்சியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிற மனுஷன், வெறும் விளையாட்டில் அவளுடைய ஈட்டிக்காரிக்கு உயிர் குறைவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் கொட்டிக் கவிழ்க்கிறான். அவனுக்குக் கொடுத்ததோ வைத்தியன் வேஷம். கொடுத்தவள் அவள்தான், யாரைக் குறை சொல்ல? "செரி, இது முடியறதுக்குள்ள வந்தர்றேன்" என்று எழுந்து வாசல் பக்கம் போனான். குடைக்காரன் ஆரம்பித்துவிட்டால் ஆளுக்கொரு வேலையாகக் கலைந்து போவது இந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது.

விளையாட்டில் குடைக்காரனுக்கு வாயில் நுழையாத நீளப் பெயர் ஒன்று உண்டு. ஐந்து பாகம் வந்துவிட்ட அந்த வரிசையில் ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் செத்துத் தொலைந்து, அடுத்த பாகத்தில் வெட்கமே இல்லாமல் திரும்பி வருகிறவன். ஆளுயரக் கறுப்புக் குடை, கணுக்கால் வரை அங்கி, இத்தனைக்கும் அந்த ஊரில் மழை பெய்து யாரும் பார்த்ததில்லை. ஐந்து பாகத்திலும் அவனுக்கு இந்த ஒரே வித்தைதான். அதற்கும் ஏதோ பெருமையான பெயர் வைத்திருக்கிறார்கள், பிரபாவுக்கு அது மொட்டை. எத்தனை பெரிய சூரனாக இருந்தாலும் அவன் குடையை மடக்கும்போது உயிர் ஒன்றே ஒன்று என்று வழித்துவிட்டிருப்பான், அதனால் மொட்டை. முதல் பாகத்தில் இருபது விநாடியில் சிக்கனமாக முடித்துக்கொண்டான். பாகம் ஏற ஏற அவனுக்குப் பவிசும் ஏறி, இப்போது கல்யாண ரிசப்ஷன் மாதிரி நீட்டுகிறான். அம்மாவுக்கு இதெல்லாம் கட்டோடு பிடிக்காது. வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு வெட்டு, குத்து, ஈட்டி, என்ன கருமம் கண்ணு இது என்று வளைகாப்பு முடிந்து மகள் உடுமலைக்கு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள். பட்டுச் சேலைக்கு நடுவில் சுருட்டி எடுத்து வந்த கேம் பெட்டியைப் பார்த்த அதிர்ச்சியில் ஆரத்தித் தட்டையே கீழே வைத்துவிட்டாள். ஆனால் இரண்டு மாதம் கூடவே இருந்து பார்த்ததில் அந்த அம்மாவே மொட்டைக் கணக்கில் சமைக்கிறாள். முட்டை வேக மூணு மொட்டை. ரசம் நுரை கட்டி இறக்க ஒண்ணு, அதுவும் குறைச்சலாத்தான். டிவியில் முதல் சூரியன் அணைந்தது. வயிற்றின் மேல் கன்ட்ரோலர் உர்ரென்று அதிர்ந்து நின்றது. அடுக்களையில் அம்மா, "ஆரம்பிச்சுட்டானா?" என்று குரல் கொடுத்தாள். "ஆரம்பிச்சாச்சு" என்று இவள் பதில் சொன்னாள். கரண்டி பாத்திரத்தில் தட்டும் சத்தம் கேட்டது.

இரண்டாவது சூரியன் அணையும்போது அது வந்தது. இடுப்புக்குப் பின்னால் யாரோ பாவாடை நாடாவை இழுத்து முடிவதுபோல ஆரம்பித்து, பக்கவாட்டில் சுற்றி முன்னால் வந்து, வயிறு மொத்தமும் கல்லாக இறுகியது. வாயு என்று நினைத்தாள். காலையில் தின்ற உருளைக்கிழங்கு போண்டா. மூன்று தின்றால் வாயு வராமல் என்ன வரும். இதற்கு முந்தி வந்ததும் வாயுதான், அதற்கு முந்தி வந்தது சாய்ந்து உட்காராததால் வந்த இடுப்புப் பிடிப்பு. மூச்சை உள்ளே இழுத்தாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே வைத்துக்கொண்டாள். பார்வையை டிவியிலேயே வைத்திருந்தாள், குடையின் கம்பிகளை எண்ணினாள், பதினாறு கம்பி, போன பாகத்தில் பன்னிரண்டுதான். கம்பியை எண்ணலாம். விநாடியை மட்டும் எண்ணக்கூடாது. வேடிக்கை என்னவென்றால் விநாடி எண்ணுவதுதான் அவள் பிழைப்பு. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஸ்டாப்வாட்சோடு டெய்லர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள். காலர் வைக்க இருபத்திரண்டு, கை ஏற்றப் பதினெட்டு, நடுவில் எச்சில் தொட்டு நூல் கோக்க எவ்வளவு, அதையும் சேர்த்து எழுதுகிறவள். லைனில் அவளுக்கு டிக்டிக் மேடம் என்று பெயர். அவள் வருவது தெரிந்தால் மெஷின்கள் தானாக வேகம் எடுக்கும். அப்பேர்ப்பட்டவளிடம் டாக்டரம்மா போன வாரம், "வலி வந்தா எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் வருதுன்னு கணக்கு வெச்சுக்கோங்க, பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா கிளம்பி வந்துருங்க" என்று சொன்னபோது மௌலி சிரித்தே விட்டான். இவகிட்டயா சொல்றீங்க டாக்டர் என்றான். இப்போது பார்த்தால் சுவர்க் கடிகாரம் இருக்கிற திசைக்கே அவள் முகத்தைத் திருப்பவில்லை. எண்ணினால் கணக்கு வரும். கணக்கு வந்தால் கிளம்ப வேண்டும். கிளம்பினால் அந்தப் பச்சைக் கதவு.

பிரசவ அறையின் அந்தக் கதவைப் போன வாரமே பார்த்துவிட்டாள். கீழ்ப்பாதி சக்கர நாற்காலி இடித்து இடித்துப் பெயிண்ட் போன கதவு. நர்ஸ் நல்ல மாதிரிதான், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், இதுக்கு அக்கட்ட யாரையும் விட மாட்டோமுங்க, வீட்டுக்காரரு, அம்மா எல்லாரும் இந்த பெஞ்சுலதான், நீங்க மட்டும் உள்ள. நீங்க மட்டும். அந்த இரண்டு வார்த்தை அன்றிலிருந்து மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தனியாக அவள் எதைச் செய்திருக்கிறாள்? காய்ச்சலுக்கு ஊசி போடப் போனால்கூட யார் கையையாவது பிடித்துக்கொள்கிறவள். அங்கே போய், முகம் தெரியாதவர்களுக்கு நடுவில், விளக்கு வெளிச்சத்தில், செத்துப்போய்விட்டால்? சீ, என்ன நினைப்பு இது, நல்ல நாளும் அதுவுமாக. செத்தெல்லாம் போகமாட்டாள். ஆனால் ஒருவேளை. ஒருவேளை என்றால் என்ன, ஒருவேளையும் கிடையாது, போண்டாதான். மூன்றாவது சூரியன் போனது. உர்ர். நாடா கொஞ்சம் கொஞ்சமாக இளகியது, வயிறு மறுபடி வயிறானது. ஒன்றும் இல்லை பார், வந்த வழியே போய்விட்டது. இன்றைக்குக் குடைக்காரனை முடித்துவிட்டால் போதும். ஆறாவது தடவையாக மோதுகிறாள். குழந்தை வந்தபின் அஞ்சு வருஷத்துக்கு இதையெல்லாம் தொடமுடியாது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லியாகிவிட்டது, அதனால் இதை முடித்துவிட்டு, குளித்துவிட்டு, ஒரு வாய் ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் வேண்டுமானால் கடிகாரத்தைப் பார்க்கலாம்.

பத்தாம் வகுப்பு லீவிலும் இதே கதைதான். துபாயிலிருந்து வந்த சித்தப்பா பழைய கேம் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக, முதல் பாகத்தில் முதல்முதலாகக் குடை விரிந்ததைப் பார்த்தபோது அவளுக்குக் குலை நடுங்கிவிட்டது. சூரியன் ஒவ்வொன்றாக அணைகிறது, பாட்டு வேறு கோயில் மணி மாதிரி இழுக்கிறது, அவ்வளவுதான், எல்லோரும் காலி, சேர்த்து வைத்ததெல்லாம் போச்சு என்று பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தாள். அணைத்தால் சாகவில்லை என்று அர்த்தம், கடைசியாகப் பதிந்துவைத்த இடத்திலிருந்து மறுபடி ஆடலாம். மறுபடி ஆடினாள். மறுபடி குடை. மறுபடி சுவிட்ச். ஏப்ரல் பூராவும், மே மாதம் பாதியும், ஒருநாளும் ஏழாவது சூரியன் வரைக்கும் அவள் இருந்ததே கிடையாது. மூன்று, மிஞ்சினால் நாலு, உடனே ஓடிப்போய் டப். சுவிட்சே தேய்ந்து இளகிவிட்டது. பிறகொரு நாள் அம்மா வடகத்துக்கு மாவு கிளறி அவள் இரண்டு கையிலும் பிழியக் கொடுத்திருந்தாள், எழுந்து ஓட முடியவில்லை, கை நிறைய மாவு, கண் நிறைய டிவி. நாலு போனது, ஐந்து போனது, ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டே இருந்தாள், ஏழும் போய் மணி அடித்தது. பார்த்தால் எல்லோரும் நிற்கிறார்கள். மண்டியிட்டிருந்தார்கள், மூச்சு வாங்கினார்கள், ஆனால் ஒருத்தருக்கும் உயிர் போகவில்லை. ஆளுக்கு ஒன்று மிச்சம். இதற்கா! இதற்கா ஒன்றரை மாதமாக ஓடினோம்! மாவுக் கையோடு அந்தக் கூடத்திலேயே குதித்தாள், வடகம் பாயில் விழாமல் டிவி மேல் விழுந்தது, அம்மா விளக்குமாற்றைத் தேடினாள். இந்தப் பயலுக்குக் கொல்லத் தெரியாது. பயமுறுத்தத்தான் தெரியும், அதை மட்டும் ஊரைக் கூட்டி மேளதாளத்தோடு செய்வான். அதன் பிறகு கல்லூரி விடுதியில் அறைத்தோழி ஃபர்சானாவோடு இரண்டாம் பாகம் ஆடியபோது, அவள் பயந்து லேப்டாப்பை மூடப் போக, பிரபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருடி, ஒண்ணும் ஆகாது, கடைசி வரைக்கும் பாரு. பெரிய ஞானி மாதிரி சொன்னாளே, அந்த வாய் இன்றைக்கு எங்கே போயிற்று?

நான்காவது எப்போது அணைந்ததென்று அவள் கவனிக்கவில்லை. அம்மா சீரகத் தண்ணி டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தாள். "ஏங்கண்ணு, மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குது?" "ஃபேன் சுத்தலம்மா." இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஃபேன் அதுபாட்டுக்குக் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையால் மகள் நெற்றியை ஒற்றிவிட்டு, திரையைப் பார்த்து, "எத்தனை போச்சு?" என்றாள். "அஞ்சாவது இப்ப." "இன்னும் ரெண்டு இருக்குதா. செரி, தண்ணியக் குடி" என்று ரசத்தைப் பார்க்கப் போய்விட்டாள். ஐந்தாவது அணைந்தது. கன்ட்ரோலர் உர்ரென்றது. உடனே உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. சும்மா உதை இல்லை, நெத்தியடி. கன்ட்ரோலர் ஒரு பக்கம் எம்பிச் சரியப் போனது, பிரபா பிடித்து நிமிர்த்தி வைத்தாள். இதென்ன, முன்பும் இப்படித்தான் செய்ததா? முதல் சூரியனுக்கு உதைத்ததா? யோசித்துப் பார்த்தால் நேற்றும் உதைத்தது, முந்தாநாள் மொட்டையிலும், ஒவ்வொரு உர்ருக்கும் ஒரு உதை, அவள்தான் அதைப் போண்டா கணக்கில் எழுதிக்கொண்டிருந்தாள். திரையில் ஆறாவது சூரியன் மங்கத் தொடங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றைப் பார்த்தாள். உர்ர். ஒரு விநாடி, ஒன்றரை விநாடி, டொம். அட என் தங்கமே! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், வயிறு குலுங்கியது, உள்ளே இருப்பது அதற்கும் சேர்த்து இன்னொன்று கொடுத்தது. இரண்டு மாதமாக இது கூடவே ஆடிக்கொண்டிருக்கிறது! பயந்து சுருண்டு கிடக்கவில்லை, குடைக்காரன் சத்தம் கொடுத்தால் பதிலுக்குக் காலால் கொடுக்கிறது. நீங்க மட்டும் உள்ள என்றாளே அந்த நர்ஸ், பாவம், எண்ணத் தெரியாதவள். அந்தக் கதவுக்குள் பிரபா என்றைக்குத் தனியாகப் போகப் போகிறாள்? இதையும் கூட்டிக்கொண்டுதானே போவாள்! இந்த உதைகாலை வைத்துக்கொண்டா தனியாகப் போகிறேன் என்று புலம்பினாள்! புத்தி கெட்டவளே, டிக்டிக் மேடமே, ஆளை எண்ணுவதிலேயே தப்பு விட்டிருக்கிறாய். நெஞ்சு முழுக்கச் சந்தோஷம், அப்படியொரு சந்தோஷம், கண்ணில் தண்ணீர் முட்டியது, நாடா மறுபடி பின்னால் இறுகத் தொடங்கியது, இறுகட்டும், அவள் முதல்முறையாகத் தலையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபத்தாறு.

இந்தத் தடவை வாயு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கே வெட்கமாக இருந்தது. சோபா விளிம்பைப் பிடித்தாள். வாசலிலிருந்து மௌலி வந்து அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து தன் கையைக் கொடுத்தான், அவள் அதைப் பிழிந்தெடுத்தாள். ஏழாவது சூரியன் அணைந்து டிவி இருண்டு, மணி அடித்து, வெளிச்சம் வந்தது. ஈட்டிக்காரிக்கு ஒன்று. வைத்தியனுக்கு ஒன்று. இருவரும் மண்டியிலிருந்து எழுந்து நின்றார்கள். வலி மெல்ல இறங்கியதும் அவள் கையை விட்டாள். அப்போதுதான் அவன் உள்ளங்கையில் நீல மையில் ஏதோ கிறுக்கியிருப்பது தெரிந்தது. காற்றாலை உச்சியில் காகிதம் பறந்துவிடும் என்று மீட்டர் அளவையெல்லாம் கையில் எழுதிக்கொள்கிறவன் அவன். இதில் இருந்தது மீட்டர் அளவு இல்லை. பத்து நாற்பது, பத்து ஐம்பத்தஞ்சு, பதினொன்று ஏழு, பதினொன்று பதினேழு, பதினொன்று இருபத்தஞ்சு. "எப்படித் தெரியுமுங்க மாமா?" என்றாள். "நீ வாய் மூடாமப் பேசறவ. அது வந்தாப் பேச்சு நின்னு போவுது, காலு பெருவெரல் மடங்குது. வெளியிலிருந்து சன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன்." "அப்புறம் ஏன் சொல்லல?" "சொன்னா இல்லவே இல்லேன்னு சாதிப்ப. நீயா சொல்லட்டும்னு அத்தைதான் சொன்னாங்க. ஆனா பத்து நிமிஷத்துக்குள்ள வந்துருச்சு அம்மிணி, இப்ப வந்ததுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகல, இதுக்கு மேல நான் விட மாட்டேன். மொட்டைக்கு ஒரு பையா எல்லாம் காருல ஏத்திட்டேன், வண்டியும் திருப்பி நிறுத்திட்டேன்." "பயமா இருக்குது மாமா" என்றாள் அவள், முதல்முறையாக வாய்விட்டு. "எனக்கும்தான். கொஞ்சநஞ்சமில்ல" என்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். "செரி, போலாமுங்க" என்றாள்.

குடைக்காரன் எதிரே நின்றுகொண்டிருந்தான். அவனிடம் அவளுக்குப் பிடித்த ஒரே குணம் அது. உன் முறை என்று வந்துவிட்டால் நீ ஒரு வருஷம் கழித்து வந்து பொத்தானை அமுக்கினாலும் முணுமுணுக்காமல் நிற்பான். மருந்துப் புட்டி இருந்த இடம் காலி. ஓடிப் போகலாம், தடுத்து நிற்கலாம், அடிக்கலாம். "என்ன பண்ணப் போற? ஒண்ணுதான இருக்குது" என்று மௌலி கவலையோடு கேட்டான், வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ அதுதான் அன்றைய பிரச்சனை என்பதுபோல. "ஒண்ணு போதுமுங்க" என்று அவள் அடி என்பதை அமுக்கினாள். ஈட்டிக்காரி பின்னால் நாலடி வைத்து, ஓடி வந்து, எம்பினாள். பிரபா அதற்கு மேல் பார்க்கவில்லை. கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டுவிட்டு, ஒரு கையை மௌலியின் தோளிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்து எழுந்தாள். முதுகுக்குப் பின்னால் டிவியில் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அடுக்களை வாசலில் அம்மா ஏற்கெனவே சேலை மாற்றி, கையில் ஃபிளாஸ்க்கோடு தயாராக நின்றாள், கண் மட்டும் கூடத்து டிவியில் இருந்தது. "என்னாச்சு கண்ணு, செயிச்சியா இல்லியா?" என்றாள். "தெரியலம்மா" என்றாள் பிரபா, திரும்பிப் பார்க்காமல் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே. "மூணு பேருமா வந்து பாத்துக்கறோம்."